உறுமுவது டயரா, முன் சக்கர பேரிங்கா?

26 நவம்பர் 2023
தேவகோட்டையிலிருந்து வந்த கேள்வி:

"அண்ணே, 2014 மாடல் சின்ன கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ரெண்டு வாரமாக 50-ஐத் தாண்டினால் முன்னால் இடது பக்கத்திலிருந்து ஊங் என்று ஒரு சத்தம். 70-ல் உள்ளே பேசுவது கேட்பதில்லை. இடது சீட்டில் உட்காரும் ஆத்தாவுக்குக் காலடியில் கூசுகிறதாம். பட்டறையில் 'ரெண்டு பக்கமும் பேரிங் போச்சு, ஜோடியாக மாத்திடுவோம்' என்கிறார்கள். டயர்க் கடையில் 'நாலு டயரும் மாத்துங்க' என்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடக்கிறோம். சாமான் ஏற்றிக்கொண்டு இந்த வண்டிதான் கூட வரவேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?"

26 நவம்பர், இரவு

தம்பி, காசை உள்ளே வையுங்கள். இன்றைக்கு பேரிங்கும் வாங்க வேண்டாம், டயரும் வாங்க வேண்டாம். சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று தெரியாமல் எதைக் கழற்றினாலும் அது சூதாட்டம்தான்.

60-ல் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். எஞ்சின் அடங்கிய பிறகும் ஊங் அப்படியே நின்றால் எஞ்சின் பக்கம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது ரோடு. புதிதாகப் போட்ட வழவழப்பான தாரில் சத்தம் தணிந்து, ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் பழைய தாரில் கூடினால் டயர் மேல் சந்தேகப்படலாம். ரோடு எப்படி மாறினாலும் சுருதிப் பெட்டி மாதிரி ஒரே சுருதியில் நின்று, வேகத்துக்கு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங். வண்டியை நிறுத்தி முன் டயர்களின் மேல் உள்ளங்கையை ஒரு பக்கம் தேய்த்துப் பாருங்கள், பிறகு எதிர்ப்பக்கம் தேயுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, எதிர்ப்பக்கம் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தால் அந்த டயரே உறுமக்கூடியது. சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால் விஷயம் முடிந்தது. பஞ்சர் கடையில் அரைமணி நேர வேலை.

மூன்றாவது, வளைவு. ஆள் இல்லாத நீளமான ரோட்டில் 50-ல் வண்டியை மெதுவாக வலது, இடது என்று அலைய விடுங்கள். வலது பக்கம் வளைக்கும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது சத்தம் ஏறினால் இடது பேரிங். இடது பக்கம் வளைக்கும்போது ஏறினால் வலது.

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாகப் போகும்போது டக் டக் என்று அடித்தால் அது வேறு. அது ஆக்ஸில் ஜாயின்ட். இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

27 நவம்பர், காலை

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம்.

நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னேன், அது வேண்டாம். திருச்சி–ராமேசுவரம் ரோட்டில் பின்னால் பஸ் வரும்போது அதைச் செய்யக் கூடாது. அதே 60-ல் ஒருமுறை மூன்றாவது கியரிலும் ஒருமுறை ஐந்தாவது கியரிலும் போங்கள். எஞ்சின் சுற்று எவ்வளவோ மாறும், சக்கரத்தின் சுற்று மாறாது. சத்தம் மாறவில்லை என்றால் அது சக்கரத்தைச் சேர்ந்தது.

இன்னொன்று, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் டிஃபரென்ஷியலின் (இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) பேரிங்கும் சக்கரத்தோடுதான் சுற்றும். அதனால் 'எஞ்சின் இல்லை' என்று தெரிந்ததும் 'வீல் பேரிங்தான்' என்று தாவிவிட முடியாது. கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை பாக்கி இருக்கிறது.

28 நவம்பர்

ஏன் இவ்வளவு நிதானம் என்று கேட்டிருந்தீர்கள். 2019-ல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இதே ஊங். டயர் என்று சொன்னார்கள், முன்னால் இரண்டு புது டயர் போட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு பட்டறையில் வலது பேரிங்கை மாற்றினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேரிங்கை அழுத்தி இறக்கும் பிரஸ் இல்லை. நக்கிளை, அதாவது பேரிங்கைத் தாங்கும் இரும்புப் பாகத்தை, தரையில் ஒரு மரக்கட்டை மேல் வைத்து, புது பேரிங்கை அதன் வாயில் உட்காரவைத்து, ஒரு துண்டு இரும்புக் குழாயை மேலே நிறுத்தி, ரெண்டு கிலோ சுத்தியலால் அடித்தார்கள். பேரிங் என்பது உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் உருளும் இரும்புக் குண்டுகள். குழாய் அதன் உள் வளையத்தின் மேல் நின்றது. ஒவ்வோர் அடிக்கும் பேரிங் ஒரு நூல் இறங்கியது. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

4,000 கி.மீ.யில் சத்தம் திரும்பி வந்தது. இந்தமுறை முன்னை விடப் பலமாக.

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் லேத் வைத்திருக்கிறார். அவர்தான் அந்த பேரிங்கை வெட்டி, உள்ளே துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வளையத்தின் பளபளப்பான பாதையில் சம இடைவெளியில் குழிகள், பல்லாங்குழி மாதிரி. ஒவ்வொரு குண்டும் தான் இருந்த இடத்தில் ஒரு குழி பதித்திருக்கிறது. பேரிங் நக்கிளுக்குள் இறுகி இறங்க வேண்டியது வெளி வளையம். அடி விழுந்ததோ உள் வளையத்தில். அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளி வளையத்துக்குப் போயிருக்கிறது. "இது ஓடித் தேஞ்சது இல்லப்பா, மாட்டுறப்பவே செத்தது" என்றார்.

பேரிங் மாற்றுவது என்றால் எனக்கு அன்றிலிருந்து இதுதான்: எந்த வளையம் இறங்க வேண்டுமோ, அந்த வளையத்தின் மேல்தான் அழுத்தம் விழ வேண்டும். இது சரியாக இருந்தால் சாதாரண பேரிங்கும் பல வருஷம் ஓடும். இது தவறினால் உலகத்திலேயே உயர்ந்த பேரிங்கும் வீண்.

30 நவம்பர்

தம்பியின் சோதனை முடிவு வந்துவிட்டது. கியர் மாற்றினாலும் சத்தம் மாறவில்லை. தார் மாறினாலும் மாறவில்லை. டயர் வழவழவென்று ஒழுங்காகத் தேய்ந்திருக்கிறது. வலது பக்கம் வளைத்தால் சத்தம் ஏறுகிறது. ஆத்தாவுக்கும் இடது காலடியில் கூசுகிறது.

அப்படியானால் இடது பேரிங்.

2 டிசம்பர்

முந்தின குறிப்பைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். புதுக்கோட்டையில் முப்பது வருஷம் பஸ் மெக்கானிக்காக இருந்த ஒருவர் எழுதியிருக்கிறார்: "வளைவுச் சோதனையை மட்டும் நம்பிப் பேரிங் கழற்றாதீங்க. நாலுக்கு ஒண்ணு ஏமாத்தும்."

யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன் சக்கர இழுவை உள்ள சின்ன கார்களில் பெரும்பாலும் ஒரே பேரிங்குக்குள் இரண்டு வரிசைக் குண்டுகள் இருக்கும். ஒரு வரிசை வெளிப்பக்கம், ஒரு வரிசை உட்பக்கம். வண்டி வளையும்போது பாரம் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதோடு நிற்பதில்லை. பக்கவாட்டுத் தள்ளல், ஒரே பேரிங்குக்குள்ளும் ஒரு வரிசையிலிருந்து மற்ற வரிசைக்குப் பாரத்தை மாற்றுகிறது. எந்த வரிசை கெட்டிருக்கிறதோ அதைப் பொறுத்து, பாரம் குறைந்த பக்கத்துச் சக்கரமே சத்தம் போடலாம். வண்டிக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் சொல்வதும் கஷ்டம், தகரம் அதை எங்கெங்கோ கொண்டுபோகும்.

தம்பி, நாளை ஞாயிறு. வண்டியோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

3 டிசம்பர், மாலை

வந்தார்கள். ஆத்தாவும் கூட வந்தார்கள். கையோடு ஒரு தூக்கு வாளி நிறைய சீடைக்காய்.

தேவகோட்டையிலிருந்து சுமார் இருபது கி.மீ. ஓடி வந்த சூட்டோடு, கடைசி இரண்டு கி.மீ. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வரச் சொல்லியிருந்தேன். வந்து நின்றதும் தூரத்திலிருந்து சூடு காட்டும் தெர்மாமீட்டரை ஹப்பின் (சக்கரத்தை மாட்டும் மையப் பாகம்) நடுவில் பிடித்தேன். இடது 43 டிகிரி, வலது 58. பிரேக் ஒட்டிப் பிடித்தாலும் இப்படிச் சூடேறும் என்பதால் அதோடு முடிவு கட்டவில்லை.

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையை விடாதீர்கள், என் வீட்டு வாசலில் யாரையும் விடமாட்டேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். இரண்டு பக்கமும் ஆட்டமே இல்லை. பட்டறைகளில் பலர் இந்த இடத்தில் 'பேரிங் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆட்டம் வருவது கடைசிக் கட்டம், சத்தம் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும், அதுவும் இல்லை.

அப்புறம் இதைச் செய்தோம். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைப்பது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை, ஸ்பிரிங் உறங்கிக் கிடந்தது. வலது பக்கம் வைத்ததும் தம்பி கையை எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தார். உளுந்து உடைக்கும்போது திருகைக் கல்லின் மேல் கை வைத்த மாதிரி, கரகரவென்று ஒரு நடுக்கம். ஆத்தாவும் வந்து கை வைத்துப் பார்த்தார்கள். "இந்தப் பக்கம்தாண்டா" என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

ஆக, வலது. நான் 30-ஆம் தேதி எழுதிய 'இடது' தவறு. அதை மட்டும் படித்துவிட்டு யாராவது இடது பக்கத்தைக் கழற்றியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

4 டிசம்பர்

'ஓட்டலாமா?' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆட்டம் இல்லாமல் வெறும் சத்தம் என்றால் பட்டறைக்கும் வீட்டுக்கும் மெதுவாக ஓட்டலாம். ஆட்டம் வந்துவிட்டால் ஒரு கி.மீ. கூட வேண்டாம். முற்றிய பேரிங் சக்கரத்தை நேராக நிறுத்தாது. டிஸ்க் ஆடி பிரேக் பேடைத் தள்ளிவிடும், பிரேக் மிதி உள்ளே போகும், பேரிங் இறுகிப் பிடித்தாலும் பிடிக்கும். இந்த நிலையில் பழனிக்குப் போகக் கூடாது.

6 டிசம்பர்

சென்னையிலிருந்து ஒருவர்: மிக்ஜாம் புயல் மழையில் வண்டி ஒன்றரை நாள் சக்கரம் முழுகத் தண்ணீரில் நின்றதாம். பேரிங் போயிருக்குமா என்று கேட்கிறார்.

உடனே சத்தம் வராது. பேரிங்கின் இரு முகத்திலும் ரப்பர் சீல் உண்டு, அது மண்ணையும் தெறிக்கும் தண்ணீரையும் தடுக்கும். முழுகிக் கிடப்பதற்காகச் செய்ததில்லை. இதைவிட மோசம், ஓடிச் சூடான ஹப் சட்டென்று தண்ணீரில் இறங்குவது. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் ஓரத்தில் தண்ணீரை உறிஞ்சும். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஒரு வேகத்தில் இறங்குகிறோமே, அதேதான்.

தண்ணீர் கிரீஸைக் கழுவிவிடும், அதனால் தேய்கிறது என்று எழுதி வைத்திருந்தேன். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பரிடம் காட்டியபோது அவர் அடித்துத் திருத்தினார். கிரீஸ் கழுவிப் போக வேண்டிய அவசியமே இல்லை, கிரீஸோடு கொஞ்சம் தண்ணீர் கலந்தாலே போதும் என்றார். வண்டி நிற்கும்போது குண்டும் வளையமும் தொடும் இடத்தில் ஈரம் தங்கித் துருப்புள்ளி வைக்கிறது. பிறகு ஓடும்போது அந்தப் புள்ளியிலிருந்துதான் உடைசல் தொடங்குகிறது. அதனால் தண்ணீரில் நின்ற வண்டியை அப்படியே மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது நல்லதில்லை. சென்னை அன்பர் இரண்டு மூன்று மாதம் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளட்டும். ஸ்பிரிங்கில் கை வைக்கும் சோதனையை மாதம் ஒருமுறை செய்யலாம்.

10 டிசம்பர்

ஜோடியாக மாற்றத்தான் வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். ஷாக் அப்சார்பர், பிரேக் பேட் எல்லாம் ஜோடியாக மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்தால்தான் வண்டி நேராகப் போகும். பேரிங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நல்லதாக ஓடிக்கொண்டிருக்கும் இடது பேரிங்கை வெளியே தள்ளினால் அது அந்த நிமிஷமே கெட்டுப்போகும். திரும்ப மாட்ட முடியாது.

பேரிங் வாங்கும்போது பெட்டியின் அச்சைப் பார்த்து நம்பாதீர்கள். போலிகள் நிறைய. பழைய பேரிங்கின் விளிம்பில் செதுக்கிய எண்ணை எழுதிக்கொண்டு போங்கள், புதிதிலும் அது இருக்க வேண்டும். எஸ்.கே.எஃப். போன்ற நிறுவனங்கள் போலியைக் கண்டுபிடிக்கச் செல்போன் செயலியே வைத்திருக்கிறார்கள். தம்பி மதுரையில் வாங்கிவிட்டார். பேரிங் நழுவாமல் பிடிக்கும் வளையமான சர்கிளிப், ஆக்ஸில் நட் இரண்டும் புதிதாகச் சேர்த்து வாங்கச் சொன்னேன். பழைய நட்டைத் திரும்பப் போடுவது சிக்கனம் இல்லை.

எஸ்.கே.எஃப். என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதைத் தொடங்கிய ஸ்வென் விங்க்விஸ்ட், ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்து ஒரு துணி மில்லில் எஞ்சினியராக இருந்தவர். மில் களிமண் பூமியில் நின்றது. பூமி அசைய அசைய, நீளமான ஷாப்டுகள் கோணி, பேரிங்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஷாப்ட் கொஞ்சம் கோணினாலும் தானே சரிசெய்துகொள்ளும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கை அவர் 1907-ல் செய்தார், அதே வருஷம் கம்பெனியும் தொடங்கினார். கோணலைப் பொறுத்துக்கொள்ளும் பேரிங் அது. நம் காரில் இருப்பது அந்த வகை இல்லை. கோணலாக இறக்கினால் மன்னிக்காது.

11 டிசம்பர்

மேலே 'ஹப்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். மாட்டு வண்டிச் சக்கரத்தில் இதற்குப் பெயர் குடம். குடத்திலிருந்து ஆரக்கால், குடத்துக்குள் இருசு, இருசின் முனையில் கடையாணி. எங்கள் ஐயாவின் கூண்டு வண்டிக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மையைப் போடுவார்கள். மை காய்ந்தால் சக்கரம் கத்தும், தெருமுனையிலேயே யார் வண்டி வருகிறது என்று தெரிந்துவிடும். சத்தம் கேட்டதும் வண்டியை நிறுத்தி மை போட்ட பிறகுதான் அடுத்த அடி. கார் வந்த பிறகு கண்ணாடியை ஏற்றிப் பாட்டை வைத்துவிடுகிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். 23-ஆம் தேதி சனிக்கிழமை லேத் பெரியவரிடம் பிரஸ் சொல்லி வைத்தாயிற்று.

23 டிசம்பர், இரவு

வைகுண்ட ஏகாதசி. பெரியவர் அரியக்குடிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரப் பத்து மணி ஆகும் என்று சொல்லியிருந்தார். அதற்குள் நக்கிளை இறக்கிவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே தொடங்கினோம்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்ஸில் நட்டைத் தளர்த்த வேண்டும், தூக்கிய பிறகு கூடச் சுற்றும். நட்டின் விளிம்பை ஆக்ஸில் பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள். அதைச் சின்ன உளியால் நிமிர்த்தாமல் திருகினால் மரை போய்விடும். தம்பி பிரேக்கை மிதித்துக்கொள்ள, பாக்ஸ் ஸ்பேனரில் நான்கு அடிக் குழாயைக் கோத்து நான் முழுப் பாரத்தையும் கொடுத்தேன். மூன்றாவது அழுத்தில் பட்டென்று விட்டது.

பிறகு தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் ஓஸில் தொங்கக் கூடாது. டிஸ்க், ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) சென்சார், டை ராடு எண்ட், கீழே பால் ஜாயின்ட், மேலே ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) இரண்டு போல்ட். அந்தப் போல்ட்டுகளைக் கழற்றும் முன் நக்கிள் நின்ற இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டோம், திரும்பக் கிட்டத்தட்ட அதே கேம்பரில், அதாவது சக்கரத்தின் சாய்வில், உட்கார வேண்டும். சென்சார்தான் வெளியே வர அடம்பிடித்தது. துரு. எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் காபி குடித்துவிட்டு வந்து, இடமும் வலமுமாகத் திருகி எடுத்தோம். அவசரப்பட்டு இழுத்திருந்தால் தலை ஒடிந்திருக்கும்.

பத்தரைக்குப் பிரஸ். முதலில் ஹப்பை வெளியே தள்ளினார். எதிர்பார்த்த மாதிரியே பேரிங்கின் உள் வளையத்தில் பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கிரைண்டரில் முக்கால் ஆழம் வரை கீறி, உளியால் ஒரே தட்டு. வளையம் பிளந்து விழுந்தது, ஹப்பின் கழுத்தில் ஒரு கீறல் இல்லை. அந்த இடத்தில் பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தார். பிறகு சர்கிளிப், பிறகு பழைய பேரிங்.

நக்கிளின் துளையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். பிசிறு இல்லை.

புது பேரிங்கை முந்தின ராத்திரியே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி எங்கள் வீட்டு ஃபிரீசரில் வைத்திருந்தேன். ஐஸ்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். இதனால் என்ன பெரிதாக வரப்போகிறது என்று தம்பி கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் சுருங்கும். 70 மி.மீ. விட்டம், வெளியே 30 டிகிரி, உள்ளே மைனஸ் 18 என்றால் 40 மைக்ரான் குறைகிறது. ஒரு தலைமுடியின் கனத்தில் பாதிதான். ஆனால் இறுக்கமே அந்த அளவில்தான் இருக்கிறது. பையில் கட்டாமல் எடுத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் நொடியில் வேர்த்துவிடும், பேரிங்கின் மேல் தண்ணீர் நிற்கும். அதனால் பிரஸ்ஸில் வைக்கும் வரை பையைப் பிரிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து தப்பியது. பெரியவரின் உதவிப் பையன் பேரிங்கை எடுத்துத் துளையின் மேல் வைத்தான். தம்பிதான் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்றார். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு முகத்துச் சீலிலேயே காந்த வளையம் பதித்திருக்கும், பழுப்புக் கலந்த கறுப்பாக இருக்கும். சென்சார் அதைத்தான் படிக்கிறது. அந்த முகம் சென்சார் இருக்கும் உட்பக்கம் வர வேண்டும். பையன் வைத்தது தலைகீழ். தம்பி சட்டைப்பையிலிருந்து குண்டூசி எடுத்துக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினார், லேசாக ஒட்டியது. திருப்பி வைத்தோம். அப்படியே இறங்கியிருந்தால் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், சரிசெய்ய வேண்டுமென்றால் இன்னொரு புது பேரிங்.

வெளி வளையத்தின் அளவுக்கே பெரியவர் ஒரு தட்டு கடைந்து வைத்திருந்தார். பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே கொஞ்சம் தேய்த்துப் பயன்படுத்துபவர்களும் உண்டு, அதுவும் சரிதான். பிரஸ் மெதுவாக இறங்கியது, சத்தமே இல்லை. உட்கார்ந்த இடத்தில் கைப்பிடி கெட்டியானது, நிறுத்தினார். சர்கிளிப் பள்ளத்தில் விழுந்து டிக் என்றது. அடுத்து ஹப். இப்போது உள் வளையத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்து ஹப்பை அழுத்த வேண்டும். இந்த முட்டை மறந்து நக்கிளைத் தாங்கவிட்டு அழுத்தினால் 2019 கதைதான் மறுபடி.

நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கி, விளிம்பைப் பள்ளத்தில் தட்டி மடக்கினோம். பிரஸ்ஸுக்குப் பெரியவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். மதியம் இரண்டு மணிக்கு வண்டி தரையில் நின்றது.

அரியக்குடி வரை ஓட்டிப் பார்த்தோம். 70-ல் தம்பி எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தோம்.

24 டிசம்பர்

பழைய பேரிங்கை முகப்பில், ஆத்தங்குடிக் கல்லின் மேல் செய்தித்தாள் விரித்துப் பிரித்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெளிப்பக்க வரிசையின் பாதையில், சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு இரும்பு செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி.

நம் வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர் உண்டே, நூறு வருஷம் முகம் பார்க்கும் பளபளப்போடு நிற்கும். ஓரிடத்தில் உள்ளே ஈரம் ஏறினால் மேல்பூச்சு உப்பி, ஒருநாள் பொக்கென்று விழும். வெளியே யாரும் சுரண்டவில்லை, உள்ளிருந்து வந்த சேதம். பேரிங்கும் அப்படித்தான். குண்டுகள் திரும்பத் திரும்ப அழுத்தும்போது மேல்பரப்புக்குச் சற்றுக் கீழேதான் இரும்பு களைத்து முதலில் விரிசல் விடுகிறது, பிறகு மேலே வந்து செதிலாகப் பெயர்கிறது. அந்தச் செதில் மேல் ஒவ்வொரு குண்டும் ஏறி இறங்குவதைத்தான் நாம் ஊங் என்று கேட்கிறோம். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஒன்பது சுற்று. இந்த பேரிங் ஓடிய 92,000 கி.மீ.க்கு ஐந்து கோடி சுற்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

25 டிசம்பர்

ஒன்று விட்டுப்போயிற்று. ஆக்ஸில் நட்டைக் கழற்றிய பிறகு, அல்லது தளர்த்திய நிலையில், வண்டியைத் தரையில் உருட்டாதீர்கள். உள் வளையம் இரண்டு பாதியாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த நட்டின் இறுக்கம்தான். அது இல்லாமல் வண்டிப் பாரத்தோடு உருட்டினால் புது பேரிங்கும் கெடும்.

புதுவயலிலிருந்து ஜீப் வைத்திருப்பவர் கேட்டதற்கு: உங்களுடையது வேறு வகை. முன் ஹப்பில் தனித்தனியாக இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, இறுக்கத்தை நீங்களே சரிசெய்யலாம். மேலே எழுதிய பிரஸ் கதை உங்களுக்குப் பொருந்தாது.

7 ஜனவரி 2024

500 கி.மீ. ஆயிற்று. அலைன்மென்ட் பார்த்துவிட்டார். டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு, கொஞ்சம் மாறியிருந்தது, சரிசெய்தாயிற்று. ஏ.பி.எஸ். விளக்கு எரியவில்லை. சைலன்சர் பிராக்கெட்டுக்கு வெல்டிங் வைக்கப் போகிறாராம். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள் தம்பி, சக்கரத்திலோ டிஸ்க்கிலோ மாட்ட விடாதீர்கள். கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் பொறி விழுந்து குழி வைத்துவிடும்.

28 ஜனவரி

25-ஆம் தேதி தைப்பூசம். தம்பி நேற்று இரவு எழுதினார். குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடி போக, வண்டி ஒவ்வொரு தங்கலுக்கும் முன்னால் போய்ச் சாமானை இறக்கிவிட்டு நின்றிருக்கிறது. முன்னும் பின்னுமாக ஓடியதோடு சேர்த்து 600 கி.மீ. தாண்டியிருக்கிறது. நடக்க முடியாத தூரத்தில் ஆத்தா இடது சீட்டில் ஏறிக்கொண்டு, உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார்களாம்.

பழனியில் நிறுத்தியதும் நான் கொடுத்தனுப்பிய தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். இடது 42, வலது 43.